உள்முழங்கை வலி: ஓய்வு எடுத்தாலும் திரும்பத் திரும்ப வருது, என்ன செய்யலாம்?

இழைப்புளி:

எல்லாருக்கும் வணக்கம். மரவேலை செய்றவன் நான். வலது முழங்கையோட உள்பக்கத்துல துருத்திக்கிட்டு ஒரு எலும்பு இருக்குல்ல, அதுக்குக் கொஞ்சம் கீழே வலி. சும்மா இருந்தா பெரிசா தெரியாது. தண்ணி வாளியைத் தூக்கினாலோ, ஈரத்துணியைப் பிழிஞ்சாலோ, யாராவது அழுத்திக் கை குலுக்கினாலோ சுரீர்னு இழுக்குது.

ஒரு விஷயம் மட்டும் எனக்குப் புரியவே இல்லை. திருகாணியை முடுக்கும்போது அவ்வளவா வலி இல்லை. பழைய சாமானைப் பிரிக்கிறதுக்காக இறுகிப்போன திருகாணியைக் கழற்றும்போதுதான் உயிர் போகுது.

டாக்டர் 'கோல்ஃபர்ஸ் எல்போ'ன்னு சொல்லி வலி மாத்திரை கொடுத்தார், கைக்கு ஓய்வு கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன். வலி நல்லாவே அடங்குச்சு. வேலைக்குத் திரும்பின அதே வாரத்துல பழையபடி வந்திருச்சு. மறுபடி ஓய்வு, மறுபடி வேலை, மறுபடி வலி. கையை வெச்சுத்தான் பிழைப்பு. அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

ஊர்க்குருவி:

ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கோங்க. எனக்குப் போட்டாங்க, ஒரே வாரத்துல கை லேசாயிருச்சு. மாத்திரையை மாசக்கணக்குல முழுங்குறதுக்கு இது எவ்வளவோ மேல்.

பாறைப்பல்லி:

அண்ணா, நான் பாறை ஏறுறவன். எங்க கூட்டத்துல இந்த வலி இல்லாத ஆளைப் பார்க்குறதே அபூர்வம். கோல்ஃப் மட்டையைத் தொட்டே பார்க்காதவங்களுக்குத்தான் இது அதிகம் வருது. விரல் நுனியை வெச்சு உடம்பைத் தாங்குறது, புல்-அப்ஸ் எடுக்குறது எல்லாமே அந்த எலும்பு முனையில போய்த்தான் இழுக்கும்.

எனக்குப் பலன் கொடுத்தது ஓய்வு இல்லை. ஏறுறதை நான் நிறுத்தவே இல்லை, குறைச்சேன். பெரிய பிடி உள்ள சுலபமான வழிகள் மட்டும்தான். கூடவே டம்பெல் வெச்சு மெதுவா மணிக்கட்டுப் பயிற்சி. இங்கே எழில் மேடம்னு ஒரு பிசியோ எழுதுவாங்க, அவங்க வந்தா சரியா விளக்குவாங்க.

எழில்_பிசியோ:

கொஞ்சம் நீளமா எழுதப் போறேன். இந்த வலியில ஆட்கள் மாசக்கணக்கா வீணா அல்லாடுறதைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஆற்றாமையா இருக்கு.

இழைப்புளி அண்ணா, திருகாணி பத்தி நீங்க சொன்னது ரொம்ப முக்கியமான தகவல். வலது கையால முடுக்கும்போது உள்ளங்கை மேல் பக்கமாத் திரும்புது. அதுக்குப் பலம் கொடுக்குறது புயத்தோட முன்பக்கத் தசையும், முழங்கைக்கு வெளிப்பக்கம் இருக்கிற ஒரு தசையும். கழற்றும்போது உள்ளங்கை கீழ் பக்கமாத் திரும்பணும். அந்த வேலையைச் செய்ற முக்கியமான தசை கிளம்புறது உங்களுக்கு வலிக்கிற அதே எலும்பு முனைகிட்ட இருந்துதான். மணிக்கட்டை உள்பக்கமா மடக்குற தசைகளும், விரல்களை மடக்கிப் பிடிக்கிற தசையில ஒரு பங்கும் அங்கேயே கிளம்புது. இத்தனை பேரும் ஒரே பொதுத் தசைநாண் (தசையை எலும்போட கட்டுற நார்) வழியா ரொம்பச் சின்ன இடத்துல எலும்பைப் பிடிச்சிருக்காங்க. கை முறுக்குறதும் இறுக்கிப் பிடிக்கிறதும் ஒரே நேரத்துல நடந்தா பாரம் முழுக்க அங்கே இறங்குது. துணி பிழியும்போதும் அதேதான்.

வீட்டுலயே ஒரு சோதனை. முழங்கையை நீட்டி உள்ளங்கையை மேலே பார்க்க வைங்க. மறு கையால தடுத்துக்கிட்டே மணிக்கட்டை மேல்நோக்கி மடக்கப் பாருங்க. அப்புறம் கட்டைவிரல் மேலே இருக்கிற மாதிரி கையை வெச்சு, மறு கை தடுக்க, உள்ளங்கையைத் தரைப்பக்கம் திருப்பப் பாருங்க. கடைசியா எலும்பு முனைக்கு அரை சென்டிமீட்டரிலிருந்து ஒரு சென்டிமீட்டர் கீழே, கொஞ்சம் முன்பக்கமா, கட்டைவிரலால அழுத்துங்க. மூணுலயும் உங்களுக்குப் பழக்கமான அதே வலி வந்தா பெரும்பாலும் இதுதான்.

இப்போ ஓய்வு விஷயம். இதை ரொம்ப நாளா வீக்கம், அழற்சின்னுதான் எல்லாரும் நினைச்சாங்க. 1979-ல் ராபர்ட் நிர்ஷல்னு ஒரு அறுவை மருத்துவர், முழங்கையோட வெளிப்பக்கத்துல வர்ற டென்னிஸ் எல்போ வலிக்கு அறுவை செஞ்சப்ப எடுத்த திசுவைப் பத்தி எழுதினார். நாள்பட்ட வலியில எடுத்த அந்தத் திசுவுல அழற்சிக்கான செல்கள் எதிர்பார்த்த மாதிரி இல்லை. தசைநாணுக்குப் பலம் கொடுக்குற புரதமான கொலாஜனோட இழைகள் வரிசை கெட்டுக் கிடந்தது, புதுசா சின்னச் சின்ன ரத்தக்குழாய்கள் முளைச்சிருந்தது. உள்பக்க வலியிலும் கதை ஏறக்குறைய அதுதான். அதனால வலி மாத்திரை நோவைக் கொஞ்ச நாள் அடக்கும், தசைநாணைச் சீராக்காது.

தசைநாண் தனக்கு வர்ற பாரத்தைப் பொறுத்துத்தான் தன் பலத்தை வெச்சுக்கும். முழு ஓய்வு கொடுத்தா வலி குறையும், கூடவே தாங்குற சக்தியும் குறையும். நீங்க வேலைக்குத் திரும்பினப்போ வேலையோட பாரம் பழைய அளவுலயே இருந்தது, தசைநாண் முன்னைவிட நலிஞ்சு இருந்தது. அதனாலதான் அதே வாரத்துல வலி. அதுல உங்க தப்பு எதுவும் இல்லை, அண்ணா. ஓய்வுக்கு அடுத்த படி என்னன்னு உங்களுக்கு யாரும் சொல்லலை, அவ்வளவுதான்.

அடுத்த படி, அளந்து பாரம் கொடுக்குறது. வலி கடுமையா இருக்கிற நாட்கள்ல அசைவே இல்லாத பயிற்சி போதும். முன்கையை மேசையில வெச்சு, உள்ளங்கை மேலே பார்க்க, கை மட்டும் விளிம்புக்கு வெளியே இருக்கட்டும். ஒரு டம்பெல்லைப் பிடிச்சு மணிக்கட்டை நேராவே வெச்சு 30 முதல் 45 விநாடி தாங்குங்க. ஒரு நிமிஷம் விட்டு மறுபடி, மொத்தம் 5 தடவை. பல பேருக்கு இதுலயே வலி கொஞ்சம் தணியும்.

அது சுலபமானதும் அதே நிலையில மெதுவான அசைவு. எடையை இறக்குறதுக்கு 3, 4 விநாடி எடுத்துக்கோங்க. ஏற்றும்போது வலிச்சா மறு கையால உதவுங்க. 15 தடவை, 3 சுற்று. அது லேசாகிட்டா எண்ணிக்கையைக் கூட்டாதீங்க, எடையைக் கூட்டுங்க. இதைத்தான் நிறைய பேர் விட்டுடுறாங்க. முதல் வாரத்துல தூக்கின ஒரு கிலோவையே மூணு மாசம் கழிச்சும் தூக்கிட்டு 'பயிற்சி பலிக்கலை'ன்னு வந்து நிப்பாங்க. கடைசியில தசைநாண் தாங்க வேண்டியது உங்க வேலையோட பாரத்தை. அந்த அளவுக்கு ஏறாம நிறுத்தினா பாதி வழியில நிறுத்தின மாதிரி.

முறுக்குற தசைக்கு உங்க சுத்தியலே போதும். முழங்கையை மடக்கி, முன்கையை மேசையில வெச்சு, சுத்தியல் தலை மேலே இருக்கிற மாதிரி செங்குத்தாப் பிடிங்க. அப்படியே மெதுவா வெளிப்பக்கமாச் சாய விடுங்க, உள்ளங்கை மேலே திரும்பும். விழாம தடுத்துக்கிட்டே இறக்குறதுதான் பயிற்சி. பிறகு நிமிர்த்துங்க, முடியலைன்னா மறு கையால. தலைக்குப் பக்கத்துல பிடிச்சா லேசு, பிடியோட அடி நுனிக்குப் போகப் போகக் கனம் கூடும். தனியா எடை எதுவும் வாங்க வேண்டியதில்லை, விரலை ஒரு அங்குலம் நகர்த்தினாலே பாரம் மாறும்.

எவ்வளவு வலி வரலாம்? பத்துக்கு நாலு, அஞ்சு வரைக்கும் பரவாயில்லை, ஆனா மறுநாள் காலையில பழைய நிலைக்கு இறங்கியிருக்கணும். காலையில கூடுதலா இருந்தா முந்தின நாள் அதிகம் பண்ணிட்டீங்க, எடையைக் குறைங்க. மெதுவான எடைப் பயிற்சியைத் தினமும் செய்யாதீங்க, ஒருநாள் விட்டு ஒருநாள். கடுமையான பாரத்துக்குப் பிறகு முதல் 24 முதல் 36 மணி நேரம் கொலாஜன் உருவாகுறதைவிடச் சிதையுறது அதிகம், அதுக்கப்புறம்தான் கணக்கு நம்ம பக்கம் திரும்பும்.

காலம், குறைஞ்சது மூணு மாசம். சிலருக்கு ஆறு, இன்னும் சிலருக்கு ஒரு வருஷம்கூட ஆகும். முன்னாடியே சொல்லிடுறது நல்லதுன்னு நினைக்கிறேன்.

ஊர்க்குருவி:

மேடம், மூணு மாசம் ஆறு மாசம்னு சொன்னா கூலி வேலைக்காரன் எப்படிங்க தாங்குவான்? ஊசி போட்ட எனக்கு ஒரே வாரத்துல சரியாச்சே. அதைப் பத்தி நீங்க ஒரு வார்த்தை சொல்லலை.

எழில்_பிசியோ:

நியாயமான கேள்வி. உங்களுக்கு வலி குறைஞ்சது நிஜம், அதை நான் மறுக்கவே இல்லை.

1997-ல் இதே உள்முழங்கை வலிக்கு ஒரு ஆய்வு நடந்தது. ஒரு பாதிப் பேருக்கு மரப்பு மருந்தோட ஸ்டீராய்டு, மறுபாதிக்கு மரப்பு மருந்தோட வெறும் உப்புநீர். 6 வாரத்துல ஸ்டீராய்டு போட்டவங்களுக்கு வலி கம்மி. 3 மாசத்துலயும் ஒரு வருஷத்துலயும் பார்த்தப்போ ரெண்டு பக்கமும் ஒண்ணுதான். வெளிப்பக்க வலியான டென்னிஸ் எல்போவில 2013-ல் வந்த ஆய்வு இன்னும் கவலைப்பட வைக்குது. ஒரு வருஷத்துக்குள்ள வலி திரும்பினவங்க ஸ்டீராய்டு குழுவில 54 சதவீதம், மருந்தில்லாத ஊசி போட்ட குழுவில 12 சதவீதம்.

வலி போனதும் தசைநாண் தேறிருச்சுன்னு நம்பி முழு வேலையையும் ஏத்துறோம். பலம் வராத இடத்துல பாரம் விழுது. அதுல எனக்குப் பயம் உண்டு. இன்னொண்ணு, அந்த எலும்பு முனைக்குப் பின்னாடியே ஒரு பெரிய நரம்பு ஓடுது, ஊசி போடுறவங்க கவனமா இருக்க வேண்டிய இடம். ராத்திரி தூங்கவே முடியாத வலின்னா, டாக்டரோட பேசி ஒரே ஒரு தடவை போட்டு, கிடைக்கிற அந்தச் சில வாரத்துல பயிற்சியைத் தொடங்குறதா இருந்தா நான் எதிர்க்க மாட்டேன். வருஷத்துக்கு மூணு நாலுன்னு போறதைத்தான் கெஞ்சிக் கேட்டாவது தடுப்பேன்.

கூலி வேலை பத்தி. வேலையை விடச் சொல்லலை. வலியைக் கிளறுற ரெண்டு மூணு அசைவை மட்டும் கண்டுபிடிச்சு அதைக் குறைங்க. மத்த வேலை நடக்கட்டும்.

இழைப்புளி:

திருகாணி விளக்கத்தைப் படிச்சதும் மனசு லேசாச்சு மேடம். கை ஏன் வலிக்குதுன்னு முதல்தடவையா புரியுது. சுத்தியல் வெச்சுப் பார்த்தேன், பாதிப் பிடியில பிடிச்சா லேசா இழுக்குது, தாங்க முடியுது. அங்கே இருந்து தொடங்கலாமா? முன்கையில கட்டுற பட்டை ஒண்ணு விக்கிறாங்களே, அது உதவுமா? ஸ்கேன் எடுக்கணுமா?

எழில்_பிசியோ:

பாதிப் பிடி சரியான இடம். பட்டையை முழங்கைக்குக் கொஞ்சம் கீழே, முன்கையோட சதைப் பகுதியில, வேலை நேரத்துல மட்டும் கட்டுங்க. எலும்பு முனைமேலயோ அதுக்குப் பின்னாடியோ அழுத்தக்கூடாது. விரல் மரத்தா உடனே தளர்த்துங்க. சிலருக்கு வேலை ஓடுற அளவுக்கு உதவும், குணமாக்காது.

நான் சொன்ன மூணு சோதனையிலயும் அதே வலி தெளிவா வந்தா ஸ்கேன் அவசரம் இல்லை. வலியே இல்லாதவங்க முழங்கையிலும் ஸ்கேன்ல மாற்றங்கள் தெரியுறது உண்டு, அதைப் பார்த்துட்டு வீணா கலங்குவீங்க. சில மாசம் முறையா பண்ணியும் அசையலைன்னா, இல்லை வேற ஏதோன்னு சந்தேகம் வந்தா எடுக்கலாம்.

ரெண்டு கேள்வி. சர்க்கரை இருக்கா? இருந்தா தசைநாண் மெதுவாத்தான் தேறும், அளவைப் பார்த்துக்கோங்க. வலி தொடங்கினதுக்கு முன்னாடி சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் மாதிரி ஆன்டிபயாடிக் சாப்பிட்டீங்களா? அந்த வகை மருந்துகள் தசைநாணைப் பாதிக்கலாம்னு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008-லயே கடும் எச்சரிக்கை போட வெச்சது. அதிகம் அடிபடுறது குதிகால் தசைநாண்தான், ஆனாலும் டாக்டர்கிட்ட சொல்ல வேண்டிய விஷயம்.

இழைப்புளி:

ரெண்டும் இல்லை மேடம்.

தையல்நாயகி:

வணக்கம் மேடம். தையல் வேலை செய்றேன். எனக்கும் உள்முழங்கைதான், ஆனா நீங்க சொன்ன இடத்துல அழுத்தினா அவ்வளவு வலி இல்லை. எலும்புக்குப் பின்னாடி பள்ளத்துல தட்டினா சுண்டுவிரல் வரைக்கும் ஷாக் அடிக்கிற மாதிரி ஓடுது. காலையில எழும்போது சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்திருக்கு. கத்தரி பிடிக்கும்போது முன்னை மாதிரி வலு இல்லை. நானும் இதே பயிற்சியைப் பண்ணலாமா?

எழில்_பிசியோ:

அம்மா, நீங்க பண்ண வேண்டாம், இப்போதைக்கு. நீங்க சொல்றது நரம்போட அடையாளம். அந்தப் பள்ளம் வழியா போற நரம்புதான் சுண்டுவிரலுக்கும் மோதிரவிரல்ல பாதிக்கும் உணர்ச்சி கொடுக்குது. முழங்கையை மடக்கினா அது இழுபட்டு நெரியும். தூங்கும்போது கையை மடக்கித் தலைக்கடியில வெச்சுக்கிற பழக்கம் இருந்தா காலையில மரத்துப்போறது அதனாலதான் இருக்கும்.

இன்னிக்கு ராத்திரியே ஒரு துவாலையை முழங்கையைச் சுத்தித் தளர்வா கட்டிக்கிட்டுப் படுங்க, கை முழுசா மடங்காம இருக்கும். தைக்கும்போது முழங்கையை மேசை விளிம்புல ஊன்றாதீங்க. ஆனா வலு குறைஞ்சிருக்குன்னு சொல்றீங்க பாருங்க, அது வீட்டு வைத்தியத்துல விடுற விஷயம் இல்லை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல புறங்கைப் பக்கம் சதை மெலிஞ்சிருக்கான்னு ரெண்டு கையையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. மெலிஞ்சாலும் மெலியாட்டியும் இந்த வாரமே டாக்டர்கிட்ட போங்க. நரம்பு ரொம்ப நாள் நெரிபட்டா போன வலு முழுசா திரும்பாமப் போகலாம். தசைநாண் வலியும் இந்த நரம்புத் தொல்லையும் ஒருத்தருக்கே சேர்ந்து வர்றதும் உண்டு, அதனால ரெண்டையும் பார்க்கச் சொல்லுங்க.

தையல்நாயகி:

பார்த்தேன் மேடம். வலது கையில அந்த இடம் லேசா குழிஞ்சிருக்கு. நாளைக்கே போறேன்.

மாலைநேரம்:

என் பொண்ணுக்கு 13 வயசு, ஈட்டி எறியுறா. எறியும்போது உள்முழங்கை வலிக்குதுங்குறா. இதே டம்பெல் பயிற்சியை லேசான எடையில கொடுக்கலாமா?

எழில்_பிசியோ:

கொடுக்காதீங்க. வளர்ற பிள்ளைகளுக்கு அந்த எலும்பு முனை இன்னும் முழுசா ஒட்டியிருக்காது, நடுவுல வளர்ச்சிக் குருத்தெலும்பு இருக்கும். எறியும்போது தசைநாண் இழுக்குற இழுப்புல முதல்ல நோகுறது அந்தக் குருத்தெலும்புதான். பெரியவங்களோட வைத்தியம் அதுக்குப் பொருந்தாது. எறியுறதை இப்பவே நிறுத்துங்க, எலும்பு மருத்துவர்கிட்ட காட்டி எக்ஸ்ரே எடுங்க. போட்டி பக்கத்துல இருந்தாலும் நிறுத்துங்க. எப்பவாவது 'டப்'னு சத்தம் கேட்டு வலி வந்ததுன்னு சொன்னா, கையை முழுசா நீட்ட முடியலைன்னா, அன்னிக்கே காட்டணும்.

மாலைநேரம்:

சத்தம் எதுவும் இல்லையாம், கை நீளுது. பயிற்சியாளர்கிட்ட இப்பவே பேசிட்டேன். ரொம்ப நன்றிங்க.

ஊர்க்குருவி:

ஊசி விஷயத்துல மேடம் சொன்ன கணக்கைப் படிச்சேன். எனக்கு இப்போ வலி இல்லை. நானும் அந்த மேசைப் பயிற்சியைத் தொடங்கலாமா, இல்லை வலி வந்தா பார்த்துக்கலாமா? அப்புறம் நம்ம ரத்தத்தையே எடுத்துச் சுத்தி ஊசியா போடுறாங்களாமே, அது எப்படி?

எழில்_பிசியோ:

இப்பவே தொடங்குங்க, வலி இல்லாத காலம்தான் பலம் சேர்க்க நல்ல காலம். நீங்க கேட்ட அந்த ரத்தத்தட்டு ஊசியைப் பொறுத்தவரை ஆய்வு முடிவுகள் ஒண்ணுக்கொண்ணு முரணா இருக்கு, செலவும் அதிகம். பயிற்சியை ஒழுங்கா பண்ணிப் பார்த்தபிறகு யோசிக்கலாம். அறுவை, ஆறு மாசத்திலிருந்து ஒரு வருஷம் வரைக்கும் எதுக்கும் மசியாத சிலருக்கு மட்டும்.

பாறைப்பல்லி:

எங்க ஆட்கள்ல சிலர் முறுக்குற ரப்பர் தடி ஒண்ணு வெச்சுப் பண்றாங்க மேடம். அது சரியா? அப்புறம் நான் ஒண்ணு கவனிச்சேன், வலிக்கிற கையை நல்லா இழுத்து நீட்டுனா அப்போதைக்குச் சுகமா இருக்கும், சாயங்காலம் கூடிடும்.

எழில்_பிசியோ:

தடி நல்லதுதான். வெளிப்பக்க வலிக்கு அதை வெச்சுப் பயிற்சி வகுத்த திமோத்தி டைலர் குழுவினரே, அதைத் திருப்பிப் பண்ணி உள்பக்க வலிக்கு 2014-ல் ஆய்வு வெளியிட்டாங்க. மத்த வைத்தியம் பலிக்காதவங்களுக்கும் பலன் இருந்தது. ஆனா சின்ன ஆய்வு. மெதுவா இறக்குற அதே தத்துவம்தான், டம்பெல்லும் சுத்தியலும் இருக்கிறவங்க அதைத் தேடி அலைய வேண்டாம்.

நீட்டல் பத்தி நீங்க கவனிச்சது ரொம்ப பேருக்கு நடக்குது. வலுவா இழுத்தா தசைநாண் எலும்பு முனைமேல நெரிபடும், எரிச்சல் கூடும். சாயங்காலம் கூடுதுன்னா விட்டுடுங்க. தேய்ச்சு விடுறதும் ஐஸும் அப்போதைய சுகத்துக்கு, தடை இல்லை.

இழைப்புளி:

மேடம், கடைசியா ஒண்ணு. பழைய சாமான் பிரிக்கிற வேலை அடுத்த வாரம் நிறைய இருக்கு. தள்ளிப்போட முடியாது. எப்படிச் சமாளிக்கிறது?

எழில்_பிசியோ:

பவர் டிரைவர் இருந்தா எல்லாத் திருகாணியையும் அதுலயே கழற்றுங்க. ஆனா இறுகினது விடுபடும்போதும், பிட் வழுக்கும்போதும் கருவி கையைத் திருப்பி வெட்டும், அந்த வெட்டும் இதே தசைநாண்லதான் விழும். அதனால வேகத்தைக் குறைச்சு, மறு கையால டிரைவரோட முன்பகுதியைப் பிடிச்சுக்கோங்க. கையால கழற்றியே ஆகணும்னா பிடி தடிமனா உள்ள ஸ்க்ரூடிரைவரை எடுங்க, மெல்லிய பிடியை இறுக்கிப் பிடிக்கத்தான் விரல் தசைக்கு அதிக பலம் வேணும். மணிக்கட்டை மடக்காம நேரா வைங்க. ரொம்ப இறுகினதை முதல்ல ஒரு நூல் முடுக்குற பக்கம் திருப்பிப் பாருங்க, துருப்பிடி விட்டுக்கொடுத்தா அப்புறம் கழற்றுறது லேசு. உங்களுக்கு வலிக்காத பக்கமும் அதுதான்.

கழற்றுற வேலையை ஒரே நாள்ல முடிக்காம வாரம் முழுக்கப் பரப்புங்க. அது அதிகமா இருக்கிற அன்னிக்கு டம்பெல், சுத்தியல் ரெண்டும் வேண்டாம், வேலையே அன்னைய பாரம்.

பாறைப்பல்லி:

நான் இடது கைக்காரன் மேடம், எனக்கும் கழற்றும்போதுதான் கவனமா இருக்கணுமா?

எழில்_பிசியோ:

இல்லை தம்பி, உங்களுக்கு நேர்மாறு. இடது கையால முடுக்கும்போதுதான் உள்ளங்கை கீழே திரும்பும். முடுக்குறதை வலது கைக்குக் கொடுங்க. சின்னப் பிடிகளுக்கு எப்போ திரும்புறதுன்னு அடுத்து கேட்பீங்க. பெரிய பிடியில ஒரு முழு நாள் ஏறிட்டு, மறுநாள் காலையில வாளியைத் தூக்கும்போது வலி கூடலைன்னா, அந்த வாரத்துல ஒரு நாள் மட்டும் ஒரு படி சின்னப் பிடிக்குப் போங்க. அது ரெண்டு வாரம் தாங்கினா அடுத்த படி.